மறுமுறை கற்றல்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில், கோவில்பட்டியைச் சூழ்ந்து பரந்து கிடப்பது கரிசல் நிலம். எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு முதலிய ஊர்களெல்லாம் இந்நிலத்தைச் சார்ந்தனவே. ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறு இங்கு இல்லை. வானத்தை நம்பியே மக்கள் வாழ்கின்றனர். புரட்டாசி, ஐப்பசித் திங்கள்களில் மழை முகங் காட்டும் காலத்தை எதிர்நோக்கி உழவர் நிலத்தைப் பண்படுத்துவர். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் பாசிப்பயறும் விதைப்பர்.

சில ஆண்டுகளில் மழை ஏமாற்றிவிடும். முதல் மழை மேல்மண்ணை மட்டும் நனைத்துவிட்டு நின்றுவிடும். விதை முளைக்கும், நிலமும் பசுமையாகத் தோன்றும். சாலையில் செல்வோர், "இவ்வாண்டு விளைச்சல் நன்றாக இருக்கும்" என்று கூறிச் செல்வர். ஆனால் வேர் இறங்குவதற்கு அடிமண்ணில் ஈரம் இராது. சில நாள் வெயிலில் முளைகள் வாடும், பின்பு கருகும். அப்போது உழவர் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். எஞ்சியதைக் கொண்டு காலந் தள்ளுவதா? அன்றி, நிலத்தை மீண்டும் உழுது மறுவிதைப்புச் செய்வதா? விதைக்குப் பணம் வேண்டும். ஏருக்கும் ஆளுக்கும் பணம் வேண்டும். எல்லாவற்றினும் மேலாகப் பருவம் வேண்டும். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தே அவர் முடிவு செய்வார். மறுவிதைப்புச் செய்பவரை ஊரார் எவரும் எள்ளி நகைப்பதில்லை.

மாணவர்களே! கல்வியாகிய விளைநிலத்திலும் இத்தகைய நிலை வருவதுண்டு. நீங்கள் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி புகும்போது அதனைக் காண்பீர்கள். ஒரு பாடத்தைப் பயின்று, தேர்வெழுதி, தேறியும் விடுகிறோம். மதிப்பெண் பட்டியல் பசுமையாகத் தோன்றுகிறது. ஆயினும் அப்பாடம் உள்ளத்தில் வேர் கொள்ளவில்லை என்பதை நம் நெஞ்சே அறியும். அந்நிலையில், தேறிய பாடமே ஆயினும் அதனை மறுமுறை பயிலலாமா? பயில வேண்டுமா? அதனால் காலம் வீணாகாதா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேறுதல் ஒன்று, தெளிதல் மற்றொன்று. தேர்வு என்பது ஆண்டு முழுதும் கற்றவற்றுள் சிலவற்றைப் பற்றி மூன்று மணி நேரத்தில் கேட்கப்படும் சில வினாக்களேயாம். அவ்வினாக்களுக்கு விடை கூறும் திறம் இருவகையால் வரக்கூடும். பொருளை உணர்ந்து கூறுவது ஒருவகை. நினைவில் நிறுத்தி ஒப்பிப்பது மற்றொரு வகை. விடைத்தாளைத் திருத்துவோர்க்கு இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே தோன்றும். எழுதியவனுக்கு மட்டுமே வேற்றுமை தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். பொறியியற் கல்லூரியில் முதலாண்டு மாணவன் வகைநுண்கணிதம் பயில்கிறான். ஓர் எண்ணின் வர்க்கத்துக்கு வகைக்கெழு யாது என்று கேட்டால், அவ்வெண்ணின் இருமடங்கு என உடனே கூறிவிடுவான். இப்போது அவனை வேறொரு முறையில் வினவுவோம். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு பேருந்து செல்கிறது. சென்ற தொலைவை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். ஆனால் வழியிலுள்ள கயத்தாற்றைக் கடக்கும் அந்த ஒரு கணத்தில் பேருந்தின் வேகம் யாது? ஒரு கணத்தில் அது செல்லும் தொலைவுதான் எது? வகுக்க வேண்டிய நேரம்தான் எவ்வளவு? இவ்வினாவுக்கு விடை காணப் பிறந்ததே வகைக்கெழு என்பதனை உணர்ந்தவன் கணிதம் கற்றவன். உணராதவன் வாய்பாட்டை மட்டும் கற்றவன். அடுத்த ஆண்டில் இயந்திரவியலும் மின்னியலும் இதே கணிதத்தின்மேல் எழுப்பப்படும்போது, முன்னவன் நடந்து செல்வான். பின்னவன் தடுமாறி விழுவான்.

இத்தடுமாற்றம் அறிவுக் குறைவால் மட்டும் வருவதன்று. சிற்றூர்ப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் பயின்றவர் பலர், கல்லூரியில் முதன்முறையாக ஆங்கிலத்தில் பாடங் கேட்கின்றனர். முதற் பருவம் முழுவதும் மொழியோடு போராடுவதிலேயே அவர்க்குக் கழிந்துவிடுகிறது. சொல்லைப் பிடிப்பதற்குள் பொருள் கடந்து போய்விடுகிறது. மனப்பாடம் செய்து தேறிவிடுகின்றனர். மொழி வசப்பட்ட பின்பு அதே பாடத்தை மறுமுறை கேட்பாராயின், முன்பு இருளாய் இருந்தது இப்போது ஒளியாய் விளங்கும். ஆசிரியர் மாறவில்லை, பாடமும் மாறவில்லை, கேட்பவரின் செவி பழகியிருக்கிறது.

மறுமுறை பாடங் கேட்பது இன்று நேற்றுத் தோன்றிய எண்ணம் அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் பற்றிக் கூறுமுன் ஆசிரியர் இலக்கணத்தையும் மாணாக்கர் இலக்கணத்தையும் கூறுகிறது. ஒரு நூலை ஒருமுறை கேட்டவன் மறுமுறையும் கேட்பானாயின் அந்நூலில் அவனுக்குப் பெரும்பாலும் பிழை நேராது என்றும், மூன்றாம் முறையும் கேட்பானாயின் அதனைப் பிறர்க்கு முறையாக எடுத்துரைக்கும் ஆற்றல் பெறுவான் என்றும் அந்நூல் கருதுகிறது. ஒருமுறை கேட்டதோடு கல்வி முற்றுப் பெறுவதில்லை என்பதை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். மறுமுறை கேட்பவன் மந்தமானவன் என்று அவர்கள் கருதவில்லை. பிழையின்மையை நாடுபவன் என்றே கருதினர்.

இக்கொள்கைக்கு ஏற்ப வாழ்ந்து காட்டியவர் டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர் (1855-1942). அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல் பல ஆண்டுகள் பாடங் கேட்டவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனப் பலவகை நூல்களையும் கற்றவர். 1880 இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராகவும் அமர்ந்துவிட்டார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற நூல்களை ஐயர் வரிசையாகக் கூறினார். முதலியாரோ அவற்றைக் கேட்டு வியக்கவில்லை. சீவகசிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அதுகாறும் அவற்றைக் கற்றிருக்கவில்லை.

அப்போது ஐயருக்கு வயது இருபத்தைந்து. கல்லூரியில் ஆசிரியர் பதவி, மாணவர்களின் மதிப்பு, புலவர் என்ற பெயர். இவையெல்லாம் போதும் என்று அவர் இருந்திருக்கலாம். அவ்வாறு இருந்திருந்தால் அவரைக் குறை கூறுவார் எவரும் இலர். ஆனால் அவர் அவ்வாறு இருக்கவில்லை. சிந்தாமணியைக் கையில் எடுத்தார். அதன் உரையில் வரும் சமண சமயக் கருத்துகள் அவருக்கு விளங்கவில்லை. உடனே கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் இல்லங்களை நாடிச் சென்று அவர்களிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் கல்லூரிக்கு வெளியே மாணவர் ஆனார். ஏட்டுச் சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டு, 1887 இல் சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அதன்பின் ஒவ்வொன்றாக அவர் கையால் வெளிவந்தன. "யான் கற்றுத் தேறியவன்" என்ற செருக்கு அன்று அவரைத் தடுத்திருக்குமாயின், தமிழுக்கு நேர்ந்திருக்கும் இழப்பை யாரால் அளவிடக் கூடும்?

அயல்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. ஆங்கில நாட்டு அறிஞராகிய ஐசக் நியூட்டன் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது யூக்ளிட்டின் வடிவியல் நூலை மிக எளியது என்று எண்ணிப் புறக்கணித்துவிட்டார். 1664 இல் பேராசிரியர் ஐசக் பாரோ அவரை அந்நூலிலேயே வினவினார். நியூட்டனால் நன்கு விடையளிக்க இயலவில்லை. பின்பு அவர் அந்நூலை மீண்டும் எடுத்துக் கருத்தூன்றிப் பயின்று அதன் அருமையை உணர்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1669 இல் அதே பாரோவின் இடத்தில் அவர் பேராசிரியராக அமர்ந்தார். 1687 இல் அவர் வெளியிட்ட பிரின்சிபியா என்னும் பெருநூல் வடிவியல் நெறியைத் தழுவியே எழுதப்பெற்றது. எளியது என்று தள்ளிய நூலே பின்னர் அவருக்குக் கருவி ஆயிற்று.

இவ்வளவும் கேட்டபின் சிலர் மறுப்புக் கூறுவர். அம்மறுப்புகளையும் நாம் நேர்மையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

"கல்லூரிக்கே செல்லாமல் பெரும்புகழ் பெற்றவர் இல்லையா?" என்பது ஒரு மறுப்பு. உண்டு. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூரில் 1923 இல் பிறந்த கி. ராஜநாராயணன் கல்லூரிப் படிப்பை அறியாதவர். ஆயினும் கரிசல் மக்களின் பேச்சை அவர் செவியால் கற்றார். சொற்களைத் தொகுத்துக் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை உருவாக்கினார். 1991 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமிப் பரிசும் பெற்றார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைத் தன்னிடத்துப் பேராசிரியராக அமர்த்திப் பெருமை கொண்டது. இவர் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கல்லூரி வேண்டுவதில்லை என்பதா? அன்று. கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்டு, ஒவ்வொரு சொல்லின் உயிரையும் அறியும் பொறுமை வேண்டும் என்பதே. அவர் வகுப்பறைக்கு வெளியே செய்ததும் மறுமுறை கற்றலேயாம்.

"மறுபடியும் அதே வகுப்பில் உட்கார்ந்தால் பிறர் நகைப்பரே" என்பது இரண்டாம் மறுப்பு. இஃது உண்மையான அச்சமே. இளையோர்க்கு நடுவில் மூத்தவன் ஒருவன் அமர்ந்திருப்பது எளிதன்று. ஆயினும் எண்ணிப் பாருங்கள். நகைப்பு சில நாள்களில் ஓய்ந்துவிடும்; அறியாமையோ ஓயாமல் உடன் வரும். மருத்துவரோ பொறியாளரோ தம் பாடத்தின் அடிப்படையை அறியாமல் தொழில் செய்வாராயின், அதனால் வரும் தீங்கு அவரோடு நின்றுவிடுவதன்று. அவரை நம்பி வந்தோரையும் அது தாக்கும். ஆகவே தெளிவு பெறுதல் தனக்கு மட்டும் செய்துகொள்ளும் நன்மையன்று. பிறர்க்குச் செலுத்த வேண்டிய கடனும் ஆகும்.

"காலமும் பணமும் வீணாகின்றனவே" என்பது மூன்றாம் மறுப்பு. இதுவே வலிமை வாய்ந்தது. தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தும், மானாவாரி நிலத்தில் பாடுபட்டும் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் கோவில்பட்டி வட்டாரத்தில் பலர். அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு ரூபாயிலும் வியர்வை உண்டு. ஓர் ஆண்டு தள்ளிப்போனால் குடும்பத்துக்கு வரவேண்டிய ஊதியமும் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். தங்கையின் படிப்பும் தடைப்படக் கூடும். இதனை எண்ணாமல், "அறிவே பெரிது, ஆண்டு சிறிது" என்று வயிறு நிறைந்தவர் கூறுவது எளிது. அவ்வாறு கூறுதல் அறமாகாது.

ஆதலின் எல்லோரும் எல்லாப் பாடத்தையும் மறுமுறை பயில வேண்டும் என்று யான் கூறவில்லை. கரிசல் உழவர் முடிவு செய்யும் முறையையே நாமும் பின்பற்றலாம் என்கிறேன். வாடிய வயலைக் கண்ட உழவர் மூன்று செய்திகளை ஆராய்வார்.

முதலாவது, சேதம் எவ்வளவு என்பது. ஆங்காங்கே சில இடங்களில் மட்டும் முளை இல்லையென்றால் அவர் நிலம் முழுவதையும் உழமாட்டார். இடைவெளியில் மட்டும் மீண்டும் விதை ஊன்றுவார். இதனைப் பாடுவாசி நிரப்புதல் என்பர். வயல் முழுவதும் கருகிப் போயிருந்தாலன்றி மறுவிதைப்பில் இறங்கார். மாணவனும் தன் பாடநூலின் பொருளடக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பகுதியையும் தன் சொந்தச் சொற்களால் தனக்குத்தானே விளக்கிப் பார்க்க வேண்டும். இரண்டொரு பகுதிகளில் மட்டும் நா எழவில்லையென்றால், அவற்றை நிரப்பிக்கொள்வதே போதும். முதற்பகுதியிலிருந்தே ஒன்றும் விளங்கவில்லையென்றால், மறுமுறை பயில்வதே நன்று.

இரண்டாவது, பருவம் இருக்கிறதா என்பது. ஐப்பசியில் மறுவிதைப்புச் செய்யலாம். மழைக்காலம் கழிந்தபின் செய்தால் விதையும் போகும். அவ்வாறே, ஐயம் தோன்றிய முதற்பருவத்திலேயே திரும்பிச் சென்றால் இழப்புச் சிறிது; இறுதியாண்டு வரை மறைத்து வைத்தால் இழப்புப் பெரிது. மறைத்த குறை வட்டியோடு வளரும் கடனைப் போன்றது.

மூன்றாவது, அந்நிலத்தில் அடுத்து விளைய வேண்டுவது யாது என்பது. ஒரு பாடம் பின்வரும் பாடங்களுக்கெல்லாம் அடிப்படையாயின் அதனைக் குறையோடு விட்டுச் செல்லலாகாது. பொறியாளனுக்குக் கணிதமும், மருத்துவனுக்கு உடலியலும், தமிழாசிரியனுக்கு இலக்கணமும் அத்தகையன. அவ்வாறன்றி, தன் வாழ்க்கைப் பணியோடு தொடர்பில்லாத பாடமாயின், தேறியதோடு மகிழ்ந்து மேற்செல்வதில் தவறில்லை. மதிப்பெண்ணைச் சற்று உயர்த்திக் காட்டும் ஆசைக்காக மட்டும் ஓர் ஆண்டைச் செலவிடுதல், நன்கு விளைந்து நிற்கும் பயிரை அழித்து உழுவது போலாகும்.

மறுமுறை பயில்வது என்று முடிவு செய்தவன் அதனை எவ்வாறு செய்ய வேண்டும்? முதன்முறை கற்றவாறே மீண்டும் கற்பதில் பயனில்லை. முன்பு மனப்பாடம் செய்தவன் மறுபடியும் மனப்பாடம் செய்தால், மனப்பாடம் இரட்டிக்குமேயன்றி அறிவு இரட்டிக்காது. கோவில்பட்டியில் 1901 ஆம் ஆண்டிலேயே அரசினர் வேளாண் பண்ணை ஒன்று நிறுவப்பெற்றது. இன்று அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. அங்கு உருவாகும் பயிர் வகைகளின் பெயர்கள் "கே" என்னும் எழுத்தோடு தொடங்கும். ஒரு புதிய விதையை அவர்கள் ஒருமுறை விளைவித்துப் பார்த்தவுடன் உழவர் கையில் கொடுத்துவிடுவதில்லை. பல பாத்திகளில், பல பருவங்களில், மீண்டும் மீண்டும் விதைத்து, ஒவ்வொரு முறையும் வேறுபாட்டைக் குறித்துக்கொள்வர். விதை ஒன்றே, கேள்வி ஒவ்வொரு முறையும் புதிது. மறுமுறை கற்பவனும் சென்ற முறை எங்கே தடுக்கியது, ஏன் தடுக்கியது எனக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு வகுப்பில் நுழைதல் வேண்டும்.

தேறிய பாடத்தை மறுபடி எழுதக் கல்லூரி விதி இடந்தராமல் இருக்கலாம். அதனால் மனந்தளர வேண்டுவதில்லை. ஆசிரியரை வணங்கிக் கேட்டால், வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து கேட்க அவர் இசைவார். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003 இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் வழியாகப் பல பாடங்களின் விரிவுரைகளை இணையத்தில் கட்டணமின்றிக் கேட்கலாம். விளங்காத இடத்தில் நிறுத்தலாம், மீண்டும் கேட்கலாம், எத்தனை முறை கேட்டாலும் அந்த விரிவுரையாளர் முகஞ் சுளிப்பதில்லை! ஏழை மாணவர்க்கு இஃது ஓர் அரிய வாய்ப்பு.

ஆயினும் கேட்பதோடு நின்றுவிடலாகாது. நன்னூல் இன்னுமொரு நுட்பத்தைக் கூறுகிறது. ஆசிரியர் கூறுவதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் புலமையில் காற்பங்குதான் வரும். உடன் பயில்வோரோடு பழகிக் கற்பதால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு உரைப்பதால்தான் வரும் என்பது அதன் கருத்து. ஆகவே ஒரு பாடத்தை மறுமுறை கேட்பவன், மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அதனை ஆராய வேண்டும். தனக்கு இளையவன் ஒருவனுக்கு அதனைக் கற்பிக்கவும் வேண்டும். இளையவன் கேட்கும் எளிய கேள்விக்கு முன்தான் நம் அறியாமை ஒளிந்துகொள்ள இடமின்றி வெளிப்படும்.

இவ்விடத்தில் கல்லூரிகளை நடத்துவோர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு சொல். தேறியவன் மீண்டும் வகுப்புக்கு வர விரும்பினால் அவனுக்குக் கதவு திறந்திருத்தல் வேண்டும். ஓர் இருக்கை கூடுதலாக இடுவதால் கல்லூரிக்கு இழப்பொன்றும் இல்லை. "முன்னமே தேறிவிட்டாயே, இன்னும் என்ன?" என்று வீட்டில் கேட்பதற்கு மாறாக, "விளங்கிற்றா?" என்று கேட்கும் வழக்கம் வருமாயின், பாதி மாணவர் மறுமுறை பயில வேண்டிய தேவையே இராது. முதன்முறையே விளங்கும்வரை அவர்கள் கேட்பர்.

மாணவர்களே! நீங்கள் இன்னும் கல்லூரி வாயிலை அடையவில்லை. ஆயினும் இன்று மாலையே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சென்ற ஆண்டில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு பாடத்தை எடுங்கள். நூலை மூடி வைத்துவிட்டு, அதனை உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ விளக்குங்கள். சொற்கள் தடையின்றி வந்தால், அங்கு ஈரம் அடிமண் வரை இறங்கியிருக்கிறது. தடைப்பட்டால் நாணவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா. உங்களுக்கு இன்னும் பருவம் இருக்கிறது. நூலை மீண்டும் திறவுங்கள்.